என் பையில்தான் செடி பெரிது

பைகளைக் கவிழ்ப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் நான்தான் ஜெயிக்கப்போகிறேன் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். ஏழு பைகளில் என் பையில் மட்டும் உருளைக்கிழங்குச் செடி இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது, தண்டெல்லாம் கட்டைவிரல் பருமன். மாடிக்குத் துணி காயப்போட வந்தவர்கள்கூட அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தராசில் என் பங்குக்கு வந்தது 1 கிலோ 250 கிராம். ஏழு பேரில் ஆறாவது இடம்.

இந்தப் போட்டி ஒரு வாய்ச்சண்டையில் ஆரம்பித்தது. எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பேர் செடி வளர்க்கிறோம். தக்காளி, கத்தரி, மிளகாயெல்லாம் தொட்டியில் நன்றாகவே வந்துவிட்டன, உருளை மட்டும் யாருக்கும் ஒழுங்காக வந்ததில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேச மட்டும் எல்லோரிடமும் ஒரு பாடம் இருந்தது. பையை முதல் நாளே விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும் என்பார் ஒருவர். செடி வளர வளர மண் அணைத்துக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வைக்கும், பை உயரமாக இருந்தால் போதும் என்பார் இன்னொருவர். சாம்பல் இருந்தால் வேறு எதுவுமே வேண்டாம் என்பார் மூன்றாமவர். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாயில் எத்தனை கிலோ வேண்டுமானாலும் விளையும், ஆளுக்கொரு பை வைத்துப் பார்த்துவிடலாமே" என்றார்.

விதிகளைப் பேசி முடிக்கவே இரண்டு சாயங்காலம் ஆனது. கடைசியில் எழுதியது நான்கே வரி. ஒருவருக்கு ஒரு பை, அதில் 40 லிட்டருக்கு மேல் மண்கலவை கூடாது. ஒரே மூட்டையிலிருந்து எடுத்த ஒரே ரக விதைக்கிழங்கு, ஒருவருக்கு 150 கிராம் வரை. எல்லோரும் ஒரே நாளில் நட வேண்டும். நூறாவது நாள் எல்லோர் முன்னிலையிலும் பையைக் கவிழ்த்து எடை போட வேண்டும். பை என்ன நிறம், என்ன உரம், எப்போது தண்ணீர், எங்கே வைப்பது, எல்லாம் அவரவர் இஷ்டம். பரிசு என்று ஒன்றும் கிடையாது. முதலிடம் வருபவரின் செடிகளுக்கு ஒரு வாரம் மற்றவர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சமையலறைக் கிழங்கையே நட்டால் என்ன என்று நானே முதலில் கேட்டேன். நடலாம், சில சமயம் நன்றாகவும் வரும். ஆனால் சமைக்க விற்கிற கிழங்கு சீக்கிரம் முளைத்துவிடக் கூடாது என்று மருந்து காட்டப்பட்டதாக இருக்கலாம், வைரஸ் நோய் உள்ளுக்குள் ஒளிந்திருந்தாலும் தோலைப் பார்த்துத் தெரியாது. உருளையைப் பொதுவாக விதையிலிருந்து வளர்ப்பதில்லை, கிழங்கை நட்டே அடுத்த தலைமுறையை எடுக்கிறோம், அதனால் தாய்க்கிழங்கில் இருக்கிற நோய் அப்படியே பிள்ளைக்கும் வந்து சேரும். போட்டி என்று வந்த பிறகு இந்த ஒரு சந்தேகம் வேண்டாமென்று நோயில்லை எனச் சான்று பெற்ற விதைக்கிழங்காக வாங்கிப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம் எடையில் மூன்று, கோழிமுட்டை அளவு.

முளைகட்டுவதிலேயே முதல் பாடம் கிடைத்தது. நான் என் மூன்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டேன், இருட்டில்தான் முளைக்கும் என்று நினைப்பு. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக முளைகள், கையில் எடுக்கும்போதே இரண்டு ஒடிந்துவிட்டன. டீச்சரம்மா முட்டை அட்டையில் ஒவ்வொன்றையும் நிறுத்தி, நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் வைத்திருந்தார். முளைக்கண்கள் அதிகமாக இருக்கிற பக்கம் மேலே பார்த்திருந்தது. அவருடையதில் முளை ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் கருஞ்சிவப்பாகக் குட்டையாகக் கெட்டியாக, கிழங்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சம் கிடைத்தால் முளைக்கு ஓடத் தேவையில்லை, இருட்டில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி ஓடும், விஷயம் அவ்வளவுதான்.

நட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பகல் வெயில் தணிந்து இரவுகள் குளிரத் தொடங்கியிருந்த நேரம். தோட்ட மண், மட்கிய எரு, தென்னை நார்த்தூள் மூன்றையும் சம பங்கு கலந்து வாளியால் அளந்து போட்டோம். மாணவி ஒருத்தி உண்டு எங்கள் கூட்டத்தில், கல்லூரி இரண்டாம் ஆண்டு. மூன்று கிழங்கில் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் நட்டாள். "150 கிராம் வரைன்னுதானே விதி, குறைவா நடக் கூடாதுன்னு இல்லையே ஆன்ட்டி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பின்னால் அவள் சிரித்தாள், அதை அப்புறம் சொல்கிறேன்.

நடும்போதே டீச்சரம்மா ஒரு சின்ன வகுப்பும் எடுத்துவிட்டார், அவரால் எடுக்காமல் இருக்க முடியாது. உருளையின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. இன்றைய பெருவும் பொலிவியாவும் சேருகிற டிடிகாக்கா ஏரிப் பக்கம் ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அதைப் பயிராக்கிவிட்டார்கள். அங்கே பகலில் நல்ல வெயில், இரவில் நடுக்கும் குளிர். அந்தப் பழக்கம் செடியின் உடம்பில் இன்னும் இருக்கிறது, இரவு குளிர்ந்தால்தான் இலையில் செய்த உணவைக் கீழே அனுப்பிக் கிழங்காகச் சேர்த்துவைக்கும் என்றார். மண் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சொர்க்கம், 30 டிகிரியைத் தாண்டினால் கிழங்கு பருப்பது ஏறக்குறைய நின்றுபோகும். இந்தக் கணக்கை எங்கள் லாரி அண்ணன் அன்றைக்கே காதில் வாங்கியிருக்கலாம்.

அவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். தடிமனான கறுப்பு பிளாஸ்டிக் சாக்கு ஒன்றை எடுத்துவந்து, கைப்பிடிச் சுவரின் மேற்குப் பக்கம் வெறும் சிமென்ட் தரையில் வைத்தார். கறுப்பு சூட்டை இழுத்துவைக்கும், செடி வேகமாக வளரும் என்பது அவர் வாதம். அது பொய்யில்லை, முதலில் முளைத்தது அவர் செடிதான், பதினோராவது நாளே மண்ணைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலே ஆனது. அன்றைக்கு அவர் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னார்.

என் கதைக்கு வருகிறேன். முளை ஒடிந்த ஆத்திரத்தில், எப்படியாவது ஈடுகட்டிவிட வேண்டுமென்று உரத்தில் இறங்கினேன். கலவையிலேயே ஒரு பங்கு எரு இருந்தது, அது போதாதென்று வாரம் ஒரு முறை மீன் கரைசல் ஊற்றினேன். இலை கருகருவென்று வரவர எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாரம் ஒன்று என்பதை வாரம் இரண்டாக்கினேன். மாடி முழுக்க நாற்றம், இரண்டு வீட்டார் என்னோடு பேசுவதையே நிறுத்தினார்கள். நாற்பதாவது நாள் என் செடிக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்ட வேண்டியிருந்தது, அதன் எடையை அதாலேயே தாங்க முடியவில்லை. உருளைச் செடிக்குக் கம்பு கட்டுகிறவன் எங்கோ தப்பு செய்கிறான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது எனக்குப் பதக்கம் குத்தின மாதிரி இருந்தது.

எங்கள் ஏழில் ஒரு கணவனும் மனைவியும் உண்டு, எங்களுக்கு அண்ணன், அண்ணி. தனித்தனிப் பையோடு போட்டியில் இறங்கினார்கள், வாய்ச்சண்டையை முதலில் ஆரம்பித்ததும் அவர்கள்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பை, ஒரே கலவை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அண்ணன் பையின் விளிம்பைக் கீழே மடக்கிவிட்டு, அடியில் ஒரு சாண் கலவை போட்டு, அதன்மேல் கிழங்கை வைத்து, நான்கு விரல்கடை மூடினார். செடி ஒரு சாண் வளர்ந்ததும் உச்சிக்கொழுந்து மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மண் அணைத்தார், மடித்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினார், இப்படி மூன்று தடவை. அண்ணி அதெல்லாம் வேலையற்ற வேலை என்று சொல்லி, முதல் நாளே 40 லிட்டரையும் கொட்டி, 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்கைப் புதைத்துவிட்டு நூறு நாளும் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மற்ற ஐந்து பேரும் அண்ணன் பக்கம்தான். நாங்கள் கேள்விப்பட்டதெல்லாம் மண் அணைத்தால் அடுக்கடுக்காக வைக்கும் என்பதுதானே.

பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், அவர்தான் சாம்பல் கட்சி. விறகு எரித்த சாம்பலை எங்கிருந்தோ ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து பத்து நாளுக்கு ஒரு முறை தூவினார். கிழங்குக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டும், அதில் தப்பே இல்லை, மீன் கரைசலில் இருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜன்) குடித்து ஆட்டம் போட்ட என் செடியைவிட அவருடையது எவ்வளவோ அடக்கமாக, நேர்த்தியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் என் பையைப் பார்த்து "செடி நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார். அந்த "தான்" எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

டீச்சரம்மா செய்ததில் பார்க்க ஒன்றுமே இல்லை. வெளிர் நிறத் துணிப்பை, நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார், அடியில் காற்றும் போகும் தண்ணீரும் வடியும். மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பினார், அது மக்கிக் குறையும்போது இன்னும் இரண்டு கை போடுவார். உரம் என்று பார்த்தால், நடும்போது கலந்த எருவைத் தவிர, மொட்டு வருகிற நேரத்தில் சாம்பல்சத்து அதிகமுள்ள உரம் ஒரே ஒரு முறை. ஆனால் தினமும் காலையில் வந்து பையின் ஓரத்தைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். கனமாக இருந்தால் சும்மா போய்விடுவார், லேசாக இருந்தால்தான் தண்ணீர். சந்தேகம் வந்தால் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பார். எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். இந்தச் சாய்த்துப் பார்க்கிற வித்தையை அன்றே கற்றுக்கொண்டிருந்தால் எனக்குப் பாதித் தண்ணீர் மிச்சமாகியிருக்கும். மேல் மண் காய்ந்திருக்கிறது என்று நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன், உள்ளே சகதியாக இருந்திருக்கிறது.

நாற்பத்தெட்டாவது நாள் வெள்ளைப் பூ வந்தது. பூ வந்தால் கீழே கிழங்கு பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள், ஓரளவுக்கு அது சரிதான், ஆனால் பூக்காமலே கிழங்கு வைக்கிற ரகமும் உண்டு, பூவை வைத்து எடையைக் கணிக்க முடியாது. எனக்கு எல்லோருக்கும் பிறகு, ஐம்பத்தாறாவது நாள்தான் பூத்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பூ உதிர்ந்த இடத்தில் மாணவியின் செடியில் நாலைந்து பச்சைக் காய் பிடித்தது, பார்க்க அச்சு அசல் குட்டித் தக்காளி, இரண்டும் ஒரே குடும்பம்தானே. கீழ்வீட்டுப் பையன் ஒன்றைப் பறித்து வாயருகே கொண்டுபோய்விட்டான், நல்லவேளை பக்கத்தில் ஆள் இருந்தது. அந்தக் காய் விஷம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் காய் பிடித்தவுடன் கிள்ளிப் போட்டுவிடுங்கள், செடிக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

ஒன்பதாவது வாரம் நாலு நாள் விடாமல் தூறல். ஐந்தாம் நாள் பெரியவரின் செடியில் மூன்று இலைகளின் ஓரம் தண்ணீரில் நனைந்த மாதிரி கரும்பச்சைத் திட்டு, அடியில் திருப்பிப் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருந்தது. பின்பருவ இலைக்கருகல். டீச்சரம்மா முகம் மாறிவிட்டது. 1845-இல் அயர்லாந்தில் இதே நோய்தான் வயல் வயலாக அழித்தது, ஏழைகள் ஏறக்குறைய ஒரே ரக உருளையை மட்டுமே நம்பி இருந்தார்கள், அடுத்தடுத்த வருஷங்களில் பத்து லட்சம் பேர்வரை பசியிலும் நோயிலும் செத்தார்கள் என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நியாயமான போட்டி வேண்டுமென்று ஏழு பையிலும் ஒரே ரகத்தைத்தானே வைத்திருக்கிறோம், ஒன்று போனால் ஏழும் போகும். அன்றைக்கு மட்டும் போட்டியை மறந்துவிட்டு எல்லோரும் சேர்ந்து வேலை செய்தோம். திட்டு விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளி உறையில் போட்டுக் கட்டி வெளியேற்றினோம், மட்கு குழியில் போடவில்லை. பைகளை ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளி வைத்தோம், தரையோடு கிடந்த அடி இலைகளை நறுக்கினோம், இலைமேல் தண்ணீர் படாமல் வேரடியில் மட்டும் ஊற்ற ஆரம்பித்தோம். என் புதர் உள்ளே காற்றே போகாமல் அடர்ந்து கிடந்ததால் அதில்தான் அதிகம் வெட்ட வேண்டியிருந்தது, எனக்கு வயிறெரிந்தது. நல்லவேளை வெயில் திரும்பியது, நோய் அதற்குமேல் போகவில்லை. மழை இன்னும் ஒரு வாரம் நீடித்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எண்பத்தைந்தாவது நாளுக்குமேல் ஒவ்வொரு செடியாக மஞ்சளடித்துச் சாய ஆரம்பித்தது. டீச்சரம்மா தண்ணீரைக் குறைத்தார், தொண்ணூறுக்குப் பிறகு சுத்தமாக நிறுத்திவிட்டார். செடி காய்ந்த பிறகு கிழங்கு பத்துப் பதினைந்து நாள் மண்ணிலேயே கிடந்தால் தோல் கெட்டிப்படும், இல்லையென்றால் விரலால் தேய்த்தாலே உரியும், அப்படிப்பட்ட கிழங்கு சேமிப்புக்கு ஆகாது. என் செடி மட்டும் தொண்ணூற்றொன்பதாவது நாளிலும் புதுக்கொழுந்து விட்டுக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் செத்துப்போச்சு, என்னுடையது இன்னும் வளருகிறது என்று நான் வேறு பெருமை பேசினேன்.

நூறாவது நாள் பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்து ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தோம். முதலில் லாரி அண்ணன். அவர் வெளியூர் போகும்போதெல்லாம் பை ஐந்தாறு நாள் வறண்டு கிடக்கும், வந்தவுடன் குற்றவுணர்ச்சியில் இரண்டு குடம் ஊற்றுவார். சாக்கைக் கவிழ்த்ததும் வெயில் பட்ட பக்கத்தில் வேரே இல்லை, பழுப்பாகக் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது, நிழல் பக்கம் மட்டும்தான் உயிர். கிழங்கும் எப்படியெப்படியோ இருந்தது. ஒன்று இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி, ஒன்றுக்கு மூக்கு முளைத்திருந்தது, இரண்டு நீளவாக்கில் வெடித்திருந்தன, மீதி கோலிக்குண்டு. தண்ணீர் இல்லாதபோது கிழங்கு பருப்பதை நிறுத்திக்கொள்ளும், திடீரென்று கிடைத்தால் விட்ட இடத்தில் தொடராது, முனையில் புதிதாக ஒன்று புறப்படும் அல்லது தோல் தாங்காமல் வெடிக்கும். பெரிய கிழங்கை வெட்டிப் பார்த்தால் நடுவில் நட்சத்திர வடிவில் ஓட்டை, அதுவும் இதே காரணத்தால் வருவதுதான். 950 கிராம். மனிதர் அசரவில்லை, மூக்கு முளைத்த கிழங்கை எடுத்து ஆளுக்காள் காட்டி அது யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து கணவனும் மனைவியும். இங்கேதான் எங்கள் எல்லோருடைய வாயும் அடைத்தது. மூன்று தடவை மண் அணைத்த அண்ணனுக்கு 2 கிலோ 300, ஒன்றுமே செய்யாத அண்ணிக்கு 2 கிலோ 450! அண்ணன் பையை மெதுவாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் கிழித்துப் பார்த்தோம். அடுக்கும் இல்லை மாடியும் இல்லை. நட்ட கிழங்கைச் சுற்றியும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் ஒரு சாண் உயரத்துக்குள்தான் எல்லாக் கிழங்கும், மேலே அணைத்த மண் முழுக்க வெறும் தண்டு. எங்கள் ரகம் சீக்கிரம் விளைகிற ரகம், அது ஒரே தடவையில் ஒரே மட்டத்தில் கிழங்கு பிடித்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். தாமதமாக விளைகிற சில ரகங்கள் கொஞ்சம் மேலேயும் வைக்கும், ஆனால் ஆள் உயரத்துக்குப் பையை அடுக்கினால் ஆள் உயரத்துக்குக் கிழங்கு வரும் என்பது மட்டும் எந்த ரகத்திலும் நடக்காது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அண்ணி ஆடிக்கொண்டிருக்கும்போதே டீச்சரம்மா அவர் குவியலிலிருந்து நாலைந்தைத் தனியாகத் தள்ளினார். அந்தக் கிழங்குகளின் தோள்பட்டை பச்சையாக இருந்தது. நார்த்தூள் கலந்த கலவை நாள்பட நாள்படக் கீழே அமுங்கும், அண்ணி பையில் நாலு விரல்கடை இறங்கியிருக்கிறது, திரும்ப நிரப்பவில்லை, மேலாக இருந்த கிழங்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டது. உருளை வேர் இல்லை, மண்ணுக்குள் பருத்த தண்டு, அதனால்தான் அதற்குக் கண் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கிறது. அந்தப் பச்சை நிறம் கெடுதல் இல்லை, ஆனால் பச்சை ஏறுகிற இடத்தில் கூடவே சொலனின் என்கிற நச்சும் ஏறும். வேகவைத்தாலும் போகாது. சாப்பிட முடியாததை எடை போடலாமா கூடாதா என்று அரை மணி நேரம் விவாதம், விதியில் இல்லை. கைதூக்கி வாக்கெடுத்து 250 கிராமைக் கழித்தோம். அண்ணி 2 கிலோ 200-க்கு இறங்கினார், அண்ணன் 100 கிராமில் ஜெயித்தார். மண் அணைப்பது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உண்மையில் புரிந்தது. கிழங்கைப் பெருக்குவதற்கு அல்ல, பிடித்த கிழங்கு வெளிச்சம் பார்க்காமல் மூடிவைப்பதற்கு.

பெரியவருக்கு 2 கிலோ 600, இரண்டாமிடம். கிழங்கெல்லாம் நல்ல பருமன், ஆனால் தோல் முழுக்கச் சொறி, தக்கை ஒட்டின மாதிரி சொரசொரப்பு. சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும், சொறியைக் கொண்டுவருகிற நுண்ணுயிருக்குப் புளிப்பில்லாத மண்ணும் கிழங்கு பிடிக்கிற நேரத்து வறட்சியும்தான் விருப்பம். தோலைச் சீவினால் உள்ளே ஒன்றுமில்லை, சாப்பிடலாம். அவரும் அதைத்தான் சொன்னார், "தோலையா திங்கப் போற?" என்று. சாம்பலை விட மாட்டேன், குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

என் பை. கவிழ்க்கும்போது எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பொத்தென்று வேர் மொத்தையாக விழுந்தது, பார்க்கவே பிரமாதமான வேர். கையை விட்டுத் தேடினேன். வெள்ளை வெள்ளையாகக் கொடித் தண்டுகள், அவற்றின் நுனியில் பட்டாணி, நெல்லிக்காய், எலுமிச்சை அளவில் கிழங்கு, மொத்தம் முப்பத்தெட்டு. ஒன்றுகூட உள்ளங்கையை நிறைக்கவில்லை. தோல் தொட்டால் உரிந்தது, சிலவற்றில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பருத்திருந்தது, சகதியில் மூச்சு முட்டிய கிழங்கு அப்படித்தான் தோலின் துளைகளைத் திறந்துவைக்கும் என்றார் டீச்சரம்மா. தழைச்சத்து நிறையக் கிடைக்கிறவரை செடிக்குச் சேர்த்துவைக்கிற எண்ணமே வராது, இலை விட்டுக்கொண்டே இருக்கும். கிழங்கு பிடிக்கிற வேலையை மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, நூறாவது நாள் நான் கவிழ்க்கும்போது கிழங்கு அப்போதுதான் பருக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இருபது நாள் கொடுத்தால் மூன்று கிலோ வரும் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். செடியை ஏற்கனவே பிடுங்கியாகிவிட்டது என்பதை மாணவி ஞாபகப்படுத்தினாள்.

அவள் பையில் ஒரே கிழங்கின் பலன் 1 கிலோ 700. எண்ணிக்கை பதினொன்றுதான், அதில் ஒன்று மட்டும் 380 கிராம், அன்றைய மொத்தக் குவியலிலும் அதுதான் பெரிது. டீச்சரம்மா பை கடைசி. 3 கிலோ 200, எல்லாம் ஒரே மாதிரி முஷ்டி அளவு, தோல் கெட்டி, அழுக்கைத் துடைத்தால் போதும். யாரும் எதுவும் பேசவில்லை. மாணவி மட்டும் போனில் கணக்குப் போட்டுவிட்டு, டீச்சரம்மா 150 கிராம் போட்டு இருபத்தொரு மடங்கு எடுத்திருக்கிறார், நான் 50 கிராம் போட்டு முப்பத்துநாலு மடங்கு எடுத்திருக்கிறேன், யார் ஜெயித்தது என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை. ஒரு செடிக்கு 10 லிட்டர் மண் என்பது குறைந்தபட்சக் கணக்கு. நெருக்கி நட்டால் பைக்கு மொத்த எடை கூடும், கிழங்கு சிறுக்கும். தள்ளி நட்டால் கிழங்கு பெருக்கும், பையின் மொத்தம் குறையும். விதைக்கிழங்கு கிடைப்பது கஷ்டமென்றால் அவள் வழி, இடம்தான் குறைவு என்றால் டீச்சரம்மா வழி.

அறுத்ததை யாரும் கழுவவில்லை. மண்ணை உதறி, காற்றோட்டமான இருட்டு அறையில் இரண்டு வாரம் பரப்பிவைத்தோம், கீறல்கள் அதற்குள் தானாகவே தழும்பாகிவிடும். என் தோலுரிந்த கிழங்கு மட்டும் பத்து நாளில் சுருங்க ஆரம்பித்துவிட்டது, அவசர அவசரமாகச் சமைத்துத் தீர்த்தோம். வெங்காயத்தோடு சேர்த்து வைத்த அண்ணி வீட்டில் ஒரு மாதத்திலேயே முளை விட்டது. குளிர்பதனப் பெட்டியிலும் வைக்காதீர்கள், குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, பொரித்தால் கருத்துப்போகும்.

தோற்றவன் ஒரு வாரம் எல்லோருக்காகவும் தண்ணீர் சுமந்தேன் என்பது தனிக் கதை. அடுத்த பருவம் ரகசியமாக ஒரு பை வைத்தேன். அதே கலவை, அதே எடை, வெளிச்சத்தில் குட்டையாக முளைகட்டிய மூன்று கிழங்கு. மீன் கரைசல் செடி முளைத்த முதல் மாதத்தில் இரண்டே தடவை, மொட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். பையைச் சாய்த்துப் பார்த்துத்தான் தண்ணீர். செடி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், யாரும் போட்டோ எடுக்கவில்லை. 2 கிலோ 750 வந்தது. பெரியவரிடம் காட்டினேன், புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த தடவை செடி பார்க்க அவ்வளவா நல்லா இல்லையே தம்பி" என்றார்.

இரண்டாம் போட்டிக்கான விதிகளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். பச்சைக் கிழங்கு எடையில் சேராது, பைக்கு ஒரு ரகம் மாற்றி மாற்றி வைப்போம், மொத்த எடைக்கு ஒரு பரிசு, மடங்குக் கணக்குக்கு ஒரு பரிசு. லாரி அண்ணன் தன் கறுப்புச் சாக்குக்குப் பழைய வெள்ளை வேட்டியில் சட்டை தைத்து மாட்டிவிட்டார், ஊருக்குப் போகும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஒரு பாட்டிலில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சரம்மாவிடம் அந்த நோட்டைக் கேட்டேன், மறுப்பு சொல்லாமல் கொடுத்தார். அறுபதாவது நாளிலிருந்து எழுபதாவது நாள் வரைக்கும் உள்ள இரண்டு பக்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தண்ணீர் பட்டுவிட்டது என்கிறார்.